நான் பார்த்திராத படத்தின் கிளைமாக்ஸ்

ஒரு படத்தைப் பற்றி நான் ஆவேசமாகப் பேசினால், அதை நான் பார்த்ததில்லை என்று அர்த்தம். பார்த்த படத்தைப் பற்றிச் சொல்ல என்னிடம் பெரிதாக எதுவும் இருக்காது. "நல்லாத்தான் இருந்தது" என்பதோடு முடித்துக்கொள்வேன். பார்க்காத படமென்றால்தான் மூளை சூடுபிடிக்கும். இதை ஒப்புக்கொள்வதற்கே எனக்கு ஐம்பது வயது தாண்ட வேண்டியிருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில், பௌதிகத்தில் ஒரு பட்டத்தை வாங்கி வைத்துவிட்டு, திருநெல்வேலி டவுனில் எங்கள் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து கருத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். (உத்தியோகம் என்ன என்று யாராவது கேட்டால் அப்பா இப்படித்தான் சொல்வார்.) எல்லா விஷயத்துக்கும் கருத்துச் சொல்ல மாட்டேன். என் துறை மாயாஜாலம். மந்திரவாதி, பூதம், பறக்கும் கம்பளம், பேசும் குதிரை. புத்தகமானாலும் டிவியானாலும் சினிமாவானாலும் இவை வந்துவிட்டால் கடைசித் தீர்ப்பு என்னுடையதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலைத் தொடர்களில் இரண்டு அம்புகள் கிளம்பி நடுவானில் சந்திக்கும் அல்லவா, அதைப் பற்றி எனக்குக் கடுமையான விமரிசனம் உண்டு. இந்தப் பக்கம் அம்பு கிளம்பும்போது அம்மா இட்லி ஊற்றினால், வெந்து, ஆறி, நான் தின்று கை கழுவிய பிறகும் அவை சந்தித்திருக்காது. மந்திரவாதிகளின் புத்தியைப் பற்றியும் எனக்கு உயர்ந்த அபிப்பிராயம் கிடையாது. உயிரைக் கொண்டுபோய் ஒரு குகையிலோ மரப்பொந்திலோ ஒளித்து வைப்பார்கள். எந்த ராஜகுமாரனும் மூன்றாவது நாளே கண்டுபிடித்துவிடுவான். "தாலுகா ஆபீஸ் ஃபைலுக்குள்ள வச்சிருந்தா ஏழு ஜென்மத்துக்கும் எவனும் எடுத்திருக்க முடியாது" என்று ஒருநாள் சொன்னேன். அப்பா தாலுகா ஆபீஸில் தலைமை எழுத்தர். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஜங்ஷனில் ஒரு வாடகை நூல் நிலையம் இருந்தது. அங்கே தலையணை கனத்தில் ஆங்கில மாயாஜால நாவல்கள் கிடைக்கும். அவற்றின் பின்னட்டைகளை முழுமையாகப் படித்திருக்கிறேன். அந்த பலத்தில்தான், "வெள்ளைக்காரன் டிராகன் நெருப்பைக் கக்கிட்டுப் போயிடும். நம்ம பூதம் வேலையும் செய்யும்" என்று ஒப்பீட்டு ஆய்வெல்லாம் நடத்தினேன். கேட்டவர்கள் யாரும் பின்னட்டையைக்கூடப் படித்ததில்லை என்பதால் என் புகழ் பரவியது.

அந்தச் சமயத்தில்தான் கோமதி அக்காவுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை ராதாபுரம். எல்லாம் நல்லபடியாக நடந்தது, ஒரு தம்ளர் காபியைத் தவிர. முகூர்த்தத்தன்று காலையில் மாப்பிள்ளையின் அம்மாவுக்கு, அதாவது அக்காவின் மாமியாருக்கு, காபி ஆறிப்போய் வந்துவிட்டது. அந்த அத்தை சத்தம் போடுகிற ரகம் இல்லை. தம்ளரைத் தொட்டுப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், தம்ளரைக் கீழே வைத்தார். அவ்வளவுதான். அம்மாவுக்கு ஒரு வாரம் தூக்கம் போய்விட்டது.

அதைச் சரிக்கட்ட எங்களுக்கு இருந்த ஒரே வாய்ப்பு மறுவீடு. கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்கு விருந்துக்கு வருவார்கள். அன்றைக்கு இலையில் சொதி விழுந்தாக வேண்டும். தேங்காய்ப்பாலில் செய்கிற குழம்பு, கூட இஞ்சிப் பச்சடி. இம்முறை விருந்தோடு இன்னொரு விஷயமும் இருந்தது. அக்காவுக்கு பி.எட். படிப்பில் ஆறு மாதம் பாக்கி. அதை முடிக்க வேண்டுமானால் வாரநாள்களில் எங்கள் வீட்டில் தங்கிப் பாளையங்கோட்டைக்குப் போய்வர வேண்டும். அத்தான் சரி என்றுவிட்டார். ஆனால் அந்த வீட்டில் அத்தை தலையசைக்காமல் ஒரு செம்பு இடம் மாறாது. சாப்பாடு முடிந்து, அத்தை நல்ல மனநிலையில் இருக்கும்போது அப்பா கேட்பதாக ஏற்பாடு.

அந்த நல்ல மனநிலையை உண்டாக்கும் பொறுப்பில் ஒரு பகுதி என்னிடம் வந்தது. சொதி கண்ணைச் சுழற்றும். விருந்தாளிகள் ஆளுக்கொரு மூலையில் சாய்வதற்குள், வாடகைக்குக் கலர் டிவியும் வீடியோ டெக்கும் கொண்டுவந்து ஒரு படம் போட்டுவிட வேண்டும். கல்யாண வீடுகளில் அன்று அதுதான் மரியாதை.

"ஏலே, நல்ல சாமி படமா எடுத்துட்டு வா" என்றாள் அம்மா. "அவ்வோ மனசு கோணாமப் போனாத்தான் நம்ம பிள்ளை படிப்பை முடிக்க முடியும். ஒன் கிறுக்குத்தனத்தை எல்லாம் இதுல காட்டாத."

காட்டாமல் இருப்பேனா?

ஆற்றுப் பாலம் தாண்டி மேலப்பாளையத்தில் சாகுல் அண்ணன் கடை. துபாயிலிருந்து வந்த டெக்குகள் அவரிடம் இருந்தன. சாமி படங்களை மேஜையில் பரப்பினார். நான் ஒவ்வொன்றாக ஒதுக்கினேன். சாமி படத்தில் அற்புதங்களை ஒரு கடமைக்காகச் செய்கிறார்கள், அதில் கலை இல்லை என்பது என் கருத்து. அப்போதுதான் அலமாரியில் அந்த கேசட் கண்ணில் பட்டது. அட்டையில் ஒரு மணப்பெண். அவள் உள்ளங்கையிலிருந்து நீலப் புகை கிளம்புகிறது. பின்னால் ஒரு மாளிகை. எங்கோ எடுத்து யாரோ டப்பிங் செய்த படம். இதன் போஸ்டரை வண்ணார்பேட்டைச் சுவரில் ஒருமுறை பார்த்திருக்கிறேன். அதை வைத்து நண்பர்களிடம் ஆறு மாதமாக அந்தப் படத்தைப் புகழ்ந்துகொண்டிருந்தேன். ஆகவே அது எனக்கு நெருக்கமான படம்.

"இது மறுவீட்டுக்குத் தோதுப்படுமா வே?" என்றார் சாகுல் அண்ணன். "நான் பாக்கல. நீரு பாத்திருக்கீரா?"

"பத்துத் தடவை" என்றேன்.

"அப்ப சரி. கலியாணப் பொண்ணு படம்தான போட்டிருக்கு. நல்லாத்தான் இருக்கும்."

(இன்றைக்கு என் மகள், ஒரு படத்தின் முன்னோட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு அது குப்பை என்று கைப்பேசியில் அரைமணி நேரம் பேசும்போது, நான் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொள்கிறேன். இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று என் மனைவி கேட்பதில்லை. என்னைப் பார்க்கிறாள், அவ்வளவுதான்.)

மறுவீட்டன்று வேனில் இருபது பேர் வந்து இறங்கினார்கள். அத்தை அரக்கு நிறப் பட்டு கட்டியிருந்தார். அவருடைய கணவர், மாமா, மூக்குப்பொடி டப்பாவும் பெரிய மீசையுமாக வந்தார். பந்தியில் நான்தான் சொதி ஊற்றினேன். ஊற்றிக்கொண்டே, "சாப்பிட்டுட்டுப் போயிராதீய மாமா, ஒரு படம் வச்சிருக்கேன். பத்துத் தடவை பாத்திருக்கேன். சீன் சீனா மனப்பாடம். இந்த மாதிரி மாயாஜாலம் நம்ம ஊருல எவனும் எடுத்ததில்ல" என்று வரிசை முழுக்க அறிவித்தேன். அத்தை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பெருமையாக இருந்தது.

தாம்பூலத் தட்டைச் சுற்றவிட்டு எல்லோரும் பாயில் உட்கார்ந்தார்கள். அத்தைக்கும் மாமாவுக்கும் முன்வரிசையில் நாற்காலி. அக்கா அடுக்களை வாசலில் நின்றாள். படத்தைப் போட்டேன்.

முதல் இருபது நிமிஷம் நன்றாகத்தான் போனது. கல்யாண ஊர்வலம், யானை, ஒரு பாட்டு. "பளிச்னு இருக்கு" என்றார் மாமா. நான் ஏதோ அந்தப் படத்தை எடுத்தவன்போலத் தலையைக் குனிந்துகொண்டேன்.

பிறகு மணப்பெண் வலது காலை எடுத்து வைத்துப் புகுந்த வீட்டுக்குள் வந்தாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. மாமியார்க்காரி வந்தாள். அவளும் அரக்கு நிறப் பட்டு. மருமகள் கொடுத்த பால் தம்ளரைத் தொட்டுப் பார்த்தாள்.

"பால் ஆறிப்போயிருக்கே?" என்றாள்.

எங்கள் கூடத்தில் இருபது தாடைகளும் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தின.

திரையில் மருமகள் சிரித்தாள். கண் நீலமானது. உள்ளங்கையை நீட்டினாள், புகை வந்தது. புகை விலகியபோது மாமியாரைக் காணோம். ஒரு பச்சைக்கிளி இருந்தது. அதைக் கூண்டில் போட்டு மாட்டிவிட்டு மருமகள் ஏதோ சொல்ல, கிளி சொன்னது: "சரி மருமகளே. சரி மருமகளே."

நான் அம்மாவைப் பார்க்கவில்லை. பார்க்காமலேயே அவள் நிறம் எனக்குத் தெரிந்தது.

அடுத்து மாமனார். மீசை. "என் பெண்டாட்டி எங்கே?" என்று அதட்டியபடி வந்தார். புகை. கடா ஆனார். கடாவைப் புழக்கடைக்கு இழுத்துப்போய்க் கட்டினாள். அதோடு நின்றிருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். வீட்டில் நாளை பெரிய விருந்து என்று அவள் அறிவித்தாள். ஒருவன் வெங்காயம் உரிக்கத் தொடங்கினான். இன்னொருவன் அரிவாளைக் கல்லில் தீட்டினான். கேமரா கடாவின் முகத்துக்குப் போனது. கடா எங்கள் மாமாவையே பார்த்தது.

நாங்கள் சைவம். வந்திருந்த இருபது பேரும் சைவம். வயிற்றில் சொதி இன்னும் இறங்கவில்லை.

"ஏலே, அணைல" என்றார் அப்பா பல்லிடுக்கில்.

நான் பதறிப்போய் ரிமோட்டில் வேகமாக ஓட்டும் பொத்தானை அமுக்கிவிட்டேன். படம் கோடு கோடாக ஓடியது. அரிவாள் நாலு மடங்கு வேகத்தில் தீட்டப்பட்டது. அதை நிறுத்தப்போய், இன்னொன்றை அமுக்கி, இன்னொன்றையும் அமுக்கி, கடைசியில் டெக் கரகரவென்று ஒரு சத்தம் போட்டு டேப்பை விழுங்கிக்கொண்டது. திரையில் புள்ளிகள் மட்டும் கொதித்தன.

மாமா பொடி டப்பாவைத் திறந்து, போடாமல் மூடினார்.

அத்தைதான் முதலில் வாயைத் திறந்தார். "ஏன் மதினி" என்றார் அம்மாவிடம், ரொம்பவும் சாவகாசமாக. "அன்னைக்கு ஒரு காப்பி ஆறிப்போச்சு. நான் ஏதாவது சொன்னேனா? ஒரு வார்த்தை சொன்னேனா? அதுக்கு இப்பிடி ஊமைக்குத்துக் குத்தவா வேன் வச்சு வரச் சொன்னிய?"

"அய்யோ மதினி!" அம்மாவின் குரல் உடைந்தது. "சத்தியமா எங்களுக்குத் தெரியாது. இந்தப் பய ஏதோ தெரியாம எடுத்துட்டு வந்துட்டான்."

"தெரியாமயா? பத்துத் தடவை பாத்திருக்கேன், சீன் சீனா மனப்பாடம்னு பந்தியில சொன்னானே. தெரிஞ்சுதான எடுத்துட்டு வந்திருக்கான்?"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

வாசகர்களே, அந்த நேரத்தில் நான் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "பாக்கல." அக்காவின் பி.எட். பிழைத்திருக்கும், அம்மா அழுதிருக்க மாட்டாள், ஊமைக்குத்து என்ற பேச்சே போயிருக்கும். ஆனால் அந்த வார்த்தை என் தொண்டை வரை வந்து, அங்கிருந்த என் கௌரவத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.

"அப்பிடி இல்ல அத்தை" என்றேன். "நீங்க முழுசாப் பாக்கல. கடைசியில எல்லாம் நல்லபடியா முடியும்."

அத்தை நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டார். "அப்பச் சொல்லு. கடா என்னாச்சு?"

"கடா... கயித்த அத்துட்டு ஓடிரும் அத்தை. ஓடி, ஏழு கடல் தாண்டி, ஒரு முனிவரப் பாக்கப் போகும்."

"கடா எப்பிடிக் கடல் தாண்டும்?"

"நீந்தி."

"ஏழையுமா?"

"நடுவுல தீவு இருக்கு."

"கிளி?"

"கிளி அது கொம்பு மேல உக்காந்து வரும்." (கூண்டைத் திறந்தது யார் என்று அவர் கேட்கவில்லை. அதற்கு இன்றும் நன்றியுடன் இருக்கிறேன்.)

மாமாவுக்குப் பொறுமை போய்விட்டது. அவருக்குக் கடாவைத் தவிர வேறெதிலும் அக்கறை இல்லை. "தம்பி, கடலை எல்லாம் பொறவு பாத்துக்கிடலாம். அந்த மனுசன் திரும்ப மனுசன் ஆனானா, இல்லையா? அதைச் சொல்லும்."

ஆனார் என்று சொன்னால் முடிந்தது. குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் இந்தச் சமயம் பார்த்து எனக்குள் இருந்த விமரிசகன் விழித்துக்கொண்டான். திரும்ப மனிதனாவதெல்லாம் எல்லாப் படத்திலும் வருவது. அதில் புதுமை என்ன?

"ஆகல மாமா" என்றேன். "கடாவாவே இருந்துருதாரு. அதுதான் இந்தப் படத்தோட சிறப்பே."

மாமா தன் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"அவருக்கும் அதுதான் பிடிச்சிருக்கும்" என்று மேலும் விளக்கினேன். "வேளாவேளைக்குத் தழை. கவலை கிடையாது. வீட்டுல யாரும் திட்ட மாட்டாவ."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். மாமா எழுந்து நின்று துண்டை உதறித் தோளில் போட்டார். "வேனை எடுக்கச் சொல்லுங்க" என்றார் யாரையும் பார்க்காமல். அத்தானின் முகம் செத்துப்போயிருந்தது.

அப்போது அடுக்களையிலிருந்து கோமதி அக்கா வந்தாள். கையில் ஒரு தம்ளர் காபி. கல்யாணமான நாளிலிருந்து மாமியார் முன்னால் "ம்" என்பதற்குமேல் பேசியிராதவள், நேராக வந்து அத்தையின் முன் நின்றாள்.

"அவன் சொல்லுதது அத்தனையும் பொய் அத்தை. இந்தப் படத்தை அவன் பாக்கவே இல்ல. எந்தப் படத்தையும் பாக்காமத்தான் பேசுவான். புஸ்தகத்துக்கு அட்டையோட சரி. நீங்க வேணா அவனையே கேளுங்க."

அத்தை என்னைப் பார்த்தார். "பாத்தியா, பாக்கலையா?"

"போஸ்டர் பாத்தேன்" என்றேன்.

"அப்ப முடிவு?"

"முடிவு எனக்குத் தெரியும்" என்றாள் அக்கா. (அவளும் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. ஆனால் அவள் பொய் சொன்னால் அதில் ஓர் ஒழுங்கு இருக்கும்.) "அந்த மருமவ வரும்போது நல்ல பிள்ளையாத்தான் வந்தா. அவளுக்கு ஒரு தம்பி. பட்டம் வாங்கிட்டு மாடிப்படியில உக்காந்து கருத்துச் சொல்லுதவன். அவன் பேச்சைக் கேட்டுத்தான் அவளுக்குக் கிறுக்குப் பிடிச்சுப் போச்சு. பொறவு புத்தி வந்து, மாமனாரை மாமனாரா மாத்திட்டா. மாமியாரையும் மாத்திட்டா. கால்ல விழுந்து மன்னிப்பும் கேட்டுட்டா. மந்திரத்துல கடைசியா ஒரு வாய்ப் புகை மிச்சம் இருந்திச்சு. அதை அந்தத் தம்பி மேல ஊதி, அவனை அம்மியா மாத்திட்டா."

"அம்மியா? ஏன் அம்மி?"

"அதுக்கு வாய் கிடையாது பாருங்க. அரைக்கவாவது உதவும்."

முதலில் மாமாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. மூச்சடைப்பு என்று நினைத்து அப்பா எழுந்தேவிட்டார். அது சிரிப்பு. அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு மறுபடி நாற்காலியில் விழுந்தார். பிறகு அத்தான். பிறகு பாயிலிருந்த எல்லோரும். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. தம்ளரை வாங்கி, தொட்டுப் பார்த்து, ஒரு வாய் குடித்தார்.

"சூடா இருக்கு" என்றார்.

பிறகு அப்பாவிடம் திரும்பி, "இம்புட்டுத் தெளிவாப் பேசுதவளை வீட்டுல வச்சு நான் என்ன செய்ய? டீச்சருக்குப் படிச்சிட்டு இருந்தாளே, அதை ஏன் நிப்பாட்டினிய?" என்றார்.

அப்பா எடுக்க வேண்டிய பேச்சு அது. எத்தனையோ நாள் ஒத்திகை பார்த்திருந்தார். அந்த ஒத்திகைக்கு வேலையில்லாமல் போனது.

அக்கா ஆசிரியையாகி, தலைமையாசிரியையாகவும் ஆகிவிட்டாள். நான் அம்மியாகவே இருக்கிறேன். அவள் பிள்ளைகளுக்கு நான் அம்மி மாமா. என் கல்யாணத்தில் அம்மி மிதிக்கிற சடங்கு வந்தபோது ராதாபுரத்து வரிசையே குலுங்கியது. "பாத்து மிதிம்மா, எது நிசக் கல்லுன்னு கேட்டுக்கோ" என்று அத்தை என் மனைவிக்குக் கொடுத்த அறிவுரை மேடை வரை கேட்டது. (அந்தப் படத்தின் உண்மையான முடிவு இன்றுவரை எனக்குத் தெரியாது. இணையத்தில் இருக்கிறதாம். தேடும் தைரியம் வரவில்லை.)

போன மாதம் என் மகளுக்கு மறுவீடு. உடன்குடியிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். காபித் தம்ளர்களை நானே தொட்டுத் தொட்டுப் பார்த்து அனுப்பினேன். சாப்பாடு முடிந்ததும் மாப்பிள்ளை ரிமோட்டை என் கையில் கொடுத்து, "மாமா, மாயாஜாலப் படம்னா உங்களுக்குத்தான் தெரியுமாமே. நீங்களே ஒண்ணு போடுங்க" என்றார். என் கை நடுங்கியதை எல்லோரும் பார்த்தார்கள். சர்க்கரை குறைந்துவிட்டது என்று நினைத்துச் சம்பந்தி பதறினார்.

கோமதி அக்கா வந்து ரிமோட்டை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள். "சர்க்கரை இல்ல அண்ணாச்சி, இது வேற" என்று சொல்லி உட்கார்ந்து, முதலிலிருந்து கடைசி வரை எல்லாவற்றையும் சொன்னாள். அத்தான் கடாவாக நடித்துக் காட்டினார். கடல் நீந்தும் இடத்தில் மாப்பிள்ளைக்குப் புரையேறியது. என் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு டிவி போடவே இல்லை.

நேற்று உடன்குடியிலிருந்து ஓலைப்பெட்டி நிறைய கருப்பட்டி வந்தது. பெட்டியின் மேல் சம்பந்தி தன் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தார்: "அம்மி அண்ணாச்சி, திருநெல்வேலி டவுன்." தெருப் பெயர்கூட இல்லை. கூரியர்காரர் யாரையும் விசாரிக்காமல் நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார்.